நில் என்று சொன்ன அச்சு

ஹஸ்னாவுக்கு இருபத்தொன்பது வயது. ஓர் இடத்தில் அரைமணி சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். மொராக்கோவின் காசாபிளாங்கா நகரத் தையல் ஆலையில் ஏழு வருடம் இருந்தவள், ஒருநாள் மேலாளரோடு வாய்ச்சண்டை முற்றி, பாதி தைத்த சட்டைக் கையோடு மெஷினை விட்டு எழுந்து வந்துவிட்டாள். அப்படிப்பட்டவள் கூரிப்கா ஊரில் கணினி நிரல் எழுதக் கற்கும் பள்ளியில் சேர்ந்தாள் என்றால் யார் நம்புவார்!

அங்கே பாடம் நடத்த ஆளில்லை. சி என்ற கணினி மொழியில் 'பிரிண்ட்எஃப்' இருக்கிறதே, எண்ணோ எழுத்தோ கொடுத்தால் கேட்ட வடிவத்தில் திரையில் அச்சிடுவது, அதை நீயே முதலிலிருந்து எழுது என்பார்கள். எழுதியதைச் சக மாணவர் மூவர் சோதிப்பார்கள். அவர்கள் யார் என்று கணினிதான் தேர்ந்தெடுக்கும். அசலும் நகலும் ஓரிடத்தில் வேறுபட்டாலும் மதிப்பெண் பூஜ்யம். ஹஸ்னாவுக்கு வெள்ளி மாலை ஐந்து மணி கெடு. தவறினால் பள்ளிக்கு வெளியே.

அன்று காலையிலேயே இருவர் தேர்ச்சி தந்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்த ஸுஹைர், வீட்டில் ஆக்கும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடான கூஸ்கூஸை நினைத்துக்கொண்டே தட்டியவன், திடீரென்று கையை எடுத்தான்.

"அக்கா, எதையும் சுட்டாத வெற்று முகவரிக்கு உங்களுது 'நில்'னு அச்சடிக்குது. அசல் 0x0ங்குதே?"

"என் வீட்டு லேப்டாப்ல அசலே 'நில்'னுதான் சொல்லும்!"

"அது வேற ரக மெஷின். இங்க ஓட்டிப் பாத்தீங்களா, இல்லியா?"

பார்க்கவில்லை. எழுதி முடித்த கையோடு அனுப்பிவிட்டாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவளுக்கு அதையெல்லாம் கேட்க நேரமேது? ஏதோ ஊர் மொழியில் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் தமிழில் படித்திருந்தாலாவது நின்றிருப்பாளோ என்னவோ.

"பாழாப்போனவனே, கண்டுக்காம விடக் கூடாதா?"

"விட்டா எனக்குத் தூக்கம் வராதுக்கா," என்று பூஜ்யத்தை அழுத்திவிட்டுப் போனான்.

திருத்த இரண்டு நிமிடம்தான் ஆனது. ஆனால் மறுபடி மூன்று பேர் வேண்டும். வெள்ளி மதியம் ஊரே கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, யார் வருவார்? மாடிப்படியை எத்தனை முறை ஏறி இறங்கினாளோ! மூன்று மணிக்கு ஒருவன், நாலுக்கு இன்னொருவன். இருவரும் தேர்ச்சி தந்தார்கள். நாலு நாற்பதுக்குத்தான் ரிஹாப் வந்தாள், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்.

ரிஹாப் ஒவ்வொரு வரியாகப் படித்தாள், விரல் வைத்து. ஹஸ்னா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு ஐம்பத்தாறு. "இந்த இடம் புரியலக்கா. இந்தக் கழித்தல் எண்ணை எதுக்குப் பெரிய நினைவு டப்பாவுக்கு மாத்துனீங்க?"

அழுத்துடி முதல்ல என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் புரியாமல் தேர்ச்சி தந்தால் அது மதிப்பீடே ஆகாது என்பதும் தெரியும். ஹஸ்னா ஒரு காகிதத்தை இழுத்து, அந்த எண்ணை இலக்கம் இலக்கமாக எழுதினாள்.

"சின்ன டப்பாவுல பூஜ்யத்துக்குக் கீழ போற கடைசி எண்ணுக்கு மேல்பக்கத்துல ஜோடி கிடையாது. கழித்தல் குறியை எடுத்தா அந்த டப்பாவுல அடங்காது. புரிஞ்சுதா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். கடிகாரத்தைப் பார்க்காமல், அதே நிதானத்தில்.

"இப்ப புரிஞ்சுது," என்று ரிஹாப் அழுத்தினாள். திரை பச்சையானது, தேர்ச்சி. நாலு ஐம்பத்தொன்பது.

"ஏன்க்கா அழுறீங்க?"

"ஒண்ணுமில்லடி. வேற ஏதாவது கேக்கணும்னா கேளு. நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."