கட்டம் கட்டமாக வந்த மாம்பழம்

லேபிள் பிரிண்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், திரையில் பளிச்சென்று தெரிவது ஒன்று, காகிதத்தில் வந்து விழுவது வேறொன்று. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் ஒரு மாம்பழ ஷெட்டில் லேபிள் அடிக்கிறேன். வளைகுடாவுக்குப் போகும் முதல் லோடு நான்கு மணிக்குள் கிளம்பினால் எனக்கு வேலை உறுதி, இல்லாவிட்டால் லேபிள் வேலை பழையபடி பாலக்காட்டுக் கடைக்கே போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள் பட்ட பாடு இது.

முதல் நாற்பது பெட்டி

ஆங்கிலம் நன்றாகவே வந்தது. அதற்குக் கீழே அரபியில் பழத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டேன், ரோலைக் கழற்றி மாட்டினேன், அதன் தலையில் ஒரு தட்டும் தட்டினேன். நீங்களும் தட்டியிருப்பீர்கள். மறுபடியும் கட்டம்தான். திரும்பிப் பார்த்தால், பேக்கிங் பார்க்கும் சரசக்கா விழுந்ததையெல்லாம் பொறுக்கி நாற்பது பெட்டியில் ஒட்டி முடித்திருந்தார்.

"அரபி இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் அம்மிணி. பாக்க லட்சணமாத்தான இருக்குது?"

டிகிரி

பழத்தைப் பதிமூன்று டிகிரி குளிரில் வைக்க வேண்டும். டிகிரிக்குப் போடும் குட்டி வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. லாரி டிரைவர் ஹம்சா இக்கா பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"மோளே, பதிமூணுன்னு சொல்றியா, பதிமூணான்னு என்னைக் கேக்கறியா?"

படமாக அனுப்பு

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். அந்த எழுத்தெல்லாம் மெஷினுக்குள்ளேயே கிடையாது, லேபிளைப் படமாக்கி அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். முதல் லேபிள் ஊர்ந்து ஊர்ந்து வந்தது, என் மகள்கூட அதைவிடச் சீக்கிரம் பிறந்தாள். வந்தது சரியா என்று பார்க்க ஷெட்டில் யாருக்கும் அரபி தெரியாது. மதரசாவில் படித்து, வளைகுடாவிலும் வண்டி ஓட்டிய ஹம்சா இக்காவிடமே நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாம்பழம் தன்னே மோளே. இனி வேகம் அடி!"

மேலேயே ஒட்டு

பழைய லேபிளை உரித்தால் அட்டையின் தோலும் கூடவே வந்தது. அதனால் கட்டத்தின் மேலேயே புதுசை ஒட்டினோம். மணி மூன்றேகால், மூன்றரைக்கு என் மகளின் அங்கன்வாடி மூடிவிடும். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் பிரிண்டரில். அதுவரை குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த முதலாளி சட்டென்று ஸ்கூட்டரை எடுத்துப்போய் என் மகளைக் கூட்டி வந்தார். நாற்பதுக்குப் பிறகும் அடித்து வீணாய்ப்போன கட்ட லேபிள்களை அவள் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தேன். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லாரி நகர்ந்தது. முதலாளி என் மகளின் பையை என்னிடம் நீட்டினார்.

"பாலக்காட்டுக் கடைக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு அம்மிணி. நாளைக்கு ரெண்டாவது லோடு, பாப்பாவுக்கும் சேத்துச் சோறு கொண்டாந்துரு."

அந்தக் கட்டங்களெல்லாம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கின்றன, வருகிறவர்களுக்கெல்லாம் என் மகள் விரல் வைத்து அரபி வாசித்துக் காட்டுகிறாள்.