எவாரிஸ்தோவின் இன்னொரு மூக்கு

எவாரிஸ்தோ ஒகாம்போவுக்கு மூக்கு இருந்தது; மோப்பம் இல்லை. மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் மினிபஸ் ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதில், வண்டிக் கூரைமேல் ஏறி யாருடைய மெத்தையையோ கட்டப்போய், கயிறு அறுந்து, பின்மண்டை அடிபட மல்லாந்து விழுந்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து காப்பியும் டீசலும் அவனுக்கு ஒன்றுதான். அடுப்பில் பீன்ஸ் கருகி வீடே புகையாக நின்றாலும் அவன் பாட்டுக்குச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கும் சேர்த்து முகர்ந்து பார்க்கிற வேலை மனைவி ஒப்துலியாவுக்கு வந்து சேர்ந்தது. பால் கெட்டதா, சட்டை துவைக்க வேண்டுமா, எல்லாம் அவள்தான் சொல்லவேண்டும்.

அவன் வண்டியில் தினமும் மலைமேல் பல்கலைக்கழகம்வரை போகிறவர் டாக்டர் ரொமெலியா. ஆணின் உயிரணுவை ஆராய்கிறவர். ஒருநாள் காலையில் பக்கத்து இருக்கைக்காரியிடம் அவர் புலம்பிக்கொண்டு வந்தார். மாணவர்கள் ஒருமுறை வருகிறார்கள், இளித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்குகிறார்கள், அப்புறம் ஆளையே காணோம். பிள்ளை பெற்ற ஆம்பிளை யாராவது ஒழுங்காக வந்தால் போதும் என்றார். எவாரிஸ்தோ கண்ணாடியில் அவரைப் பார்த்து, மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பன் என்றால் சரிப்படுமா என்று கேட்டான். பாதி விளையாட்டு, பாதி பெருமை. இந்த வேலைக்கு உட்காரச் சொல்லி, முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்புகிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

வியாழக்கிழமைதோறும் மதிய ஓய்வில் போய்வந்தான். வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை இருந்தது: கொடுப்பதற்குச் சில நாள் முன்னாலிருந்தே விரதம். அதனால் வாரத்தின் நடுவில் அவனுக்கு இடுப்புவலி வந்துவிடும். ஒப்துலியா நெருங்கிப் படுத்தால் முனகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவான். சனிக்கிழமை வலி போன இடம் தெரியாது.

இடுப்புவலியை அவள் நம்பியிருப்பாள். கெடுத்தது ஒரு சீசா. ஆய்வுக்கூடத்தில் யாரோ கைதவறி ஒரு வாசனைத் திரவத்தைக் கொட்டியதில், நாலு சொட்டு எவாரிஸ்தோவின் ஜாக்கெட் கையில் தெறித்தது. டாக்டர் பதறிப்போய்த் துடைத்துவிட்டார். அவன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதை மறந்தே போனான். சாயங்காலம் அவன் வாசலில் நுழையும்போதே, மணிமணியாகப் பூக்கிற ஒரு சின்ன வெள்ளை லில்லியின் வாசனை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒப்துலியா ஜாக்கெட்டை வாங்கி மாட்டினாள். மாட்டிவிட்டு அதன் கையை வெகுநேரம் முகர்ந்துகொண்டு நின்றாள்.

அடுத்த வியாழன், கடைசி நிறுத்தத்தில் அவள் போட்டிருந்த தமாலே கடையை மூடினாள். இலையில் சுற்றி வேகவைத்த சோளமாவுப் பண்டத்துக்குக் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, லியோபார்தோவின் வண்டியில் ஏறி, புருஷன் வண்டியின் பின்னாலேயே போகச்சொன்னாள். அந்தத் தடத்திலேயே வாய் நீளமானவன் லியோபார்தோ. இப்படி ஒரு வேடிக்கை தானாக வந்து மடியில் விழுந்தால் விடுவானா? வழியில் கைகாட்டிய ஒருவரையும் ஏற்றாமல் ஓட்டினான்.

ஆய்வுக்கூடத்து நடையில் ஒரு சின்ன அறைக்கதவு திறந்தது. எவாரிஸ்தோ சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டே வெளியே வந்தான். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி சிரித்த முகமாக எதிரே போய் எதையோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். போதாததற்கு அந்த இடம் முழுக்க அதே லில்லி வாசனை.

"இவதானா, கிழவா?" என்றாள் ஒப்துலியா.

வீட்டில் அவர்கள் ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்றுதான் கொஞ்சிக்கொள்வார்கள். இந்தக் கிழவாவில் கொஞ்சல் இல்லை. எவாரிஸ்தோ செருகிய சட்டையையே மறுபடியும் செருகினான். வெள்ளைக் கோட்டுக்காரியான டாக்டர்தான் ஒப்துலியாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நுண்ணோக்கியோடு இணைத்த திரையின் முன்னால் உட்காரவைத்தார். திரை முழுக்க வாலாட்டிக்கொண்டு அங்குமிங்கும் அலைகிற பொடிப்பொடி உயிர்கள். ஓரத்தில் அந்த வாசனைத் திரவத்தில் துளியூண்டு விட்டார். கொஞ்ச நேரத்தில், அலைந்தவற்றில் பல அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பின.

மூக்குக்குள் வாசனையைப் பிடிக்கிற ஏற்பி இருக்கிறதே, அதே வகையில் ஒன்று இவற்றின் மேல்தோலிலும் உண்டு என்று டாக்டர் விளக்கினார். உடம்புக்குள் இதனால் என்ன பயன் என்று தங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஒப்துலியா திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள்.

"பீன்ஸ் கருகுறதுகூடத் தெரியாத மனுஷன்னு இத்தன வருஷமா உன்னப் பாத்துப் பரிதாபப்பட்டேனே. மோப்பத்தையெல்லாம் கீழ எறக்கி வச்சிருக்கியா?"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. கதவோரம் நின்ற லியோபார்தோ அடக்கவும் முயலவில்லை.

பொழுது சாய்வதற்குள் கடைசி நிறுத்தம் முழுக்கக் கதை பரவியது. எவாரிஸ்தோவுக்குப் பொலிகாளை என்று பெயர் விழுந்தது. அவன் வண்டி வந்து நின்றால் யாராவது ம்மா என்று கத்துவார்கள். பூக்கடைப் பக்கம் ஓட்டாதே, உனக்குள்ளே இருக்கிறவர்கள் இறங்கி ஓடிவிடுவார்கள் என்பார்கள். அவன் சிரித்து மழுப்பினான். ஒப்துலியாதான் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் ஆளு பரீட்சை எழுதிப் பாஸாயிட்டான். வாய் பேசுற நீங்க யாராச்சும் பேனாவத் தொறந்தீங்களா?"

ஓட்டுநர்கள் தமாலேயையே பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் விடவில்லை. தட்டு நீட்டும்போதெல்லாம், டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாயா என்று ஒவ்வொருவனையும் கேட்டாள். பார்க்காதவனுக்கு மிளகாய்ச் சாறு கிடையாது. அந்த வெயிலிலும் சாறில்லாத தமாலே தொண்டையில் இறங்காது. ஒவ்வொருவராக மலையேறினார்கள். அதிகமாக ம்மா கத்தியவன் லியோபார்தோ என்பதால் அவனுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

லியோபார்தோவுக்குப் பிள்ளை இல்லை. குறை மனைவி எர்லிந்தாவிடம்தான் என்று அவன் அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அவன் மறுத்ததில்லை, சில சமயம் தலையாட்டியும் இருக்கிறான். எர்லிந்தாவுக்கு எத்தனையோ மருந்து, எத்தனையோ மாதாகோவில். அவனுக்கு ஒரு பரிசோதனைகூட நடந்ததில்லை.

ஒரு மதியம், ஆளில்லாமல் நின்ற எவாரிஸ்தோவின் வண்டியில் அவன் ஏறிப் பின்னிருக்கையில் உட்கார்ந்தான். கிண்டலுக்குத்தான் வந்திருக்கிறான் என்று எவாரிஸ்தோ பதிலைத் தயாராக வைத்திருந்தான். லியோபார்தோ டாக்டரம்மா கொடுத்த முடிவுத்தாளை மடித்து மடித்து விரித்தான்.

"எண்ணிக்கை நல்லாத்தான் இருக்காம், மச்சான். ஓடவும் செய்யுதாம். ஆனா முட்டை பக்கத்துலேர்ந்து ஒரு ஹார்மோன் வந்து கூப்பிடுமாமே, அதுக்கு அசையவே மாட்டேங்குது. மத்தவங்களோடது அது பட்டதும் வாலைச் சாட்டையா வீசிக்கிட்டு முட்டித் தொளைக்குமாம். என்னோடது வாசல்ல நின்னு வேடிக்க பாக்குது. மேல்தோலுல ஏதோ கதவு தொறக்கலையாம்."

"எர்லிந்தாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

எவாரிஸ்தோவுக்கு உள்ளுக்குள் ஒரு நொடி இனித்தது. இத்தனை நாள் கேட்ட ம்மாவுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கலாம். கண்ணாடியில் லியோபார்தோவின் முகத்தைப் பார்த்தான். ஆசை போய்விட்டது.

"மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லு. இங்க இருக்கற கழுதைங்கள நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான். லியோபார்தோவின் முடிவு என்ன என்று மற்றவர்கள் மொய்த்தபோது, முகத்தில் சலனமே இல்லாமல் ஒரு பொய் சொன்னான். அவனுடையவை ஓடிய ஓட்டத்தில் கண்ணாடிச் சில்லைத் தாண்டிப் போய்விட்டனவாம், டாக்டரம்மா மேசைக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறாராம். பாதிப்பேர் நம்பினார்கள். ஒப்துலியா நம்பவில்லை, ஆனாலும் அன்று லியோபார்தோவுக்கு இரட்டைச் சாறு ஊற்றினாள்.

வீட்டில் அவன் விஷயத்தைச் சொன்னபோது எர்லிந்தா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வீட்டுச் சாப்பாட்டில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, இதையே இதே வார்த்தைகளில் சொல்லவேண்டும் என்றாள். லியோபார்தோ சொன்னான். அம்மா சூப்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எர்லிந்தா முதல்முறையாக அந்த வீட்டில் இரண்டாம் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

தானாகத் திறக்காத கதவை ஊசியால் தாண்டலாம், அணுவை நேராக முட்டைக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லித் தலைநகரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார். முதல்தடவை கரு நிற்கவில்லை. ஒரு வருஷம் எர்லிந்தா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இரண்டாம் தடவை நின்றது. பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு எவாரிஸ்தோவும் ஒப்துலியாவும்தான் ஞானப்பெற்றோர். பாதிரியார் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை போட்ட சத்தத்தில் கோவில் புறாக்கள் கலைந்தன. அது அப்பன் வாய்தான் என்று ஒப்துலியா பாதிரியாருக்கே கேட்கும்படி சொன்னாள்.

இப்போது எர்லிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னிருக்கையில் வருகிற நாட்களில் லியோபார்தோ ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்குகிறான். வேலைக்கு நேரமாகிறது என்று பயணிகள் கத்துகிறார்கள். அவசரம்னா எறங்கி நடங்க என்கிறான்.