மாமாவுக்கு 'சாக்கிட்' இல்லையாம்!

போன வருடம் மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கம், தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மாமனாருக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. இனி குணப்படுத்த வழியில்லை, வேதனையில்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதற்கென்றே ஒரு மலாய்த் தாதி வாரந்தோறும் வீடு தேடி வந்தார்.

வேதனையில்லாமலா? மனிதர் கட்டிலில் திரும்பிப் படுக்கவே பல்லைக் கடித்தார். சோறு இறங்கவில்லை. ஆனால் தாதி வந்து, "அங்கிள், சாக்கிட்?" என்று வலியைக் கேட்டால் போதும், நெஞ்சை நிமிர்த்தி, "தாக் சாக்கிட்!", இல்லவே இல்லை என்பார். தாதியும் அதை நம்பி, சாதாரண மாத்திரையே போதும் என்று கிளம்பிவிடுவார்.

அன்றும் அப்படியே சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா இப்படிப் பொய் சொல்றீங்க?"

"எது பொய்? நான் சீக்காளியான்னு மிஸ்ஸி கேக்குது. நான் என்ன சீக்காளியா? இடுப்பெலும்புல குடையுது, அவ்ளோதான்லா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலாயில் நோய்க்கும் வலிக்கும் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்தான். தாதி வலியைக் கேட்க, இவர் நோயைக் கேட்பதாக நினைத்து வீராப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்!

விளக்கிச் சொன்னேன். தாதி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மாமா சொன்ன அந்தத் தமிழ்ச் சொல்லை என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டு, மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அங்கிள், கொடையுதா?"

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தார் மாமா. எங்கே தொடங்குகிறது, எந்தக் கால் வரை இழுக்கிறது, ஒன்று விடவில்லை. தாதி அங்கிருந்தே டாக்டரிடம் பேசினார். அன்றே மார்பின் மருந்து வந்தது.

"ஐயோ, அது சாகப் போறவங்களுக்குக் குடுக்கிறதாச்சே!" என்று என் நாத்தனார் அழுதாள். அளவாகக் கொடுத்தால் அது வலியை மட்டும்தான் அடக்கும் என்று தாதி பொறுமையாகப் புரியவைத்தார்.

அந்த வாரமே மாமா அசந்து தூங்கினார். அடுத்த வாரம், "காடிய எடுக்கச் சொல்லு, ஜெராம்ல போய் மீன் வாங்கணும்" என்றார். காரில் அந்த மீன்பிடி கிராமத்துக்கு அழைத்துப் போனோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செவுளைத் தூக்கிப் பார்த்து மீன்காரரிடம் சண்டை பிடித்தார். வீட்டுக்கு வந்து, குழம்பில் புளி போதவில்லை என்று என்னையும் ஒரு பிடி பிடித்தார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

சில மாதங்கள் கழித்து அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். ரொம்ப அவஸ்தைப்பட்டாரா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "இல்ல, நல்லா சாப்ட்டு, நல்லா தூங்கி, எங்கள அதட்டிக்கிட்டேதான் இருந்தாரு" என்றேன். அப்படித் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்ததே, அந்தக் கர்வம் இன்றும் எனக்குக் குறையவில்லை.