நாகவல்லியின் மை டப்பா

திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரே வரிசையில் ஆறு வாடகை வீடுகள், நடுவில் ஓர் அடிபம்பு. மூன்றாவது வீட்டுக்காரி நாகவல்லி. அவள் புருஷன் தசரதன் ஆவடித் தொழிற்சாலைக்கு ரயிலில் போய் வருபவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஆனால் அதைப் பற்றி அவளிடம் யாரும் துக்கம் விசாரிக்க முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வாசலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் நிற்பார்கள்.

ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பம்படியில் முகம் கழுவி, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, கண்ணுக்கு மை இட்டுவிடுவாள். கடை மை இல்லை. பொன்னாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியை விளக்கெண்ணெயில் எரித்து, கரி பிடித்து, அவளே குழைத்த மை. ஒரே டப்பா, ஒரே விரல், ஒன்பது ஜோடிக் கண்கள். திமிறுகிற பிள்ளைக்குத் தலையில் ஒரு குட்டும் விழும். குட்டு வாங்கியதுதான் மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்கும். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவள் மிச்சப் பொழுதையெல்லாம் தள்ளினாள்.

எண்பத்தேழில் மழை விட்டதும் மெட்ராஸ் ஐ வந்தது. முதலில் பக்கத்து வீட்டுப் பத்மாவின் மூத்தவனுக்கு. நாகவல்லி பதறிப்போனாள். மை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. சிவந்த கண்ணுக்கு முதலில், இரண்டு இழுப்பு கூடுதலாகவே இட்டுவிட்டு, அதே விரலோடு அடுத்த பிள்ளைக்குப் போனாள். ஒரு வாரத்துக்குள் ஒன்பதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றன. இடுப்பில் இருக்கிற குழந்தைகூடத் தப்பவில்லை.

கடைசி வீட்டுக் கெங்கம்மாளின் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் பிடிக்கிற சண்டையில், ஆறு மாதமாகக் கெங்கம்மாள் அவர்களை நாகவல்லியின் வாசலை மிதிக்க விட்டதில்லை.

இதைக் கவனித்தவள் ஐந்தாம் வீட்டு சுசீலா. ஆவடியில் ஒரு டாக்டரிடம் நர்ஸாக இருந்தவள்.

“அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. கெங்கம்மா ஊட்டுப் பசங்களும் இதே பம்புலதான் குளிக்குதுங்க. அதுங்களுக்கு மட்டும் ஏன் வரல?”

“அவதான் நம்ம ஊட்டாண்ட அனுப்புறதே இல்லியே” என்று வெடுக்கென்று சொன்னாள் நாகவல்லி. சொல்லி முடித்த பிறகுதான் தன் விரலைப் பார்த்தாள்.

“கண்ணுத் தண்ணி பட்டா ஒட்டிக்கும்க்கா. துண்டு, மை, கை, எதுல பட்டாலும்.” சுசீலா மெதுவாகத்தான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நாகவல்லி தாங்கியிருப்பாள்.

டப்பாவைக் குப்பையில் போட்டாள். வீடு வீடாகப் போய், “என்னாலதான் வந்துச்சு. துண்டு, சோப்பு எல்லாம் தனித்தனியா வெச்சிக்கோங்க” என்று சொன்னாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று தசரதன் வேலை விட்டு வந்ததும், “இனிமே இன்னாத்துக்குய்யா அதுங்க நம்ம ஊட்டுக்கு வரும்?” என்று கேட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. ஐந்து மணிக்கு நாகவல்லி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால், ஆளுக்கொரு துண்டோடு ஒன்பதும் நின்றன. பத்மாவின் நாலு வயசுச் சின்னவள் முன்னால்.

“மை இல்லடி. போங்க.”

“மை வோணாம். மூஞ்சி மட்டும் கழுவி வுடு.”

நாகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். பிறகு பம்படிக்குப் போய், ஒரு பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அடுத்ததைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அப்படித்தான். ஒரு சோப்பு நாலு நாள் தாங்கவில்லை. அடுத்த வாரம் தசரதன் ஆவடியிலிருந்து அரை டஜன் சோப்பு வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார்.