ஓர் எழுத்து மாறிய பாட்டு

மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து தெருமுனை வரை நடந்தால் ஒரு டெய்ரி. பாலும் ரொட்டியும் குளிர்பானமும் விற்கும் சின்னக் கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அதை யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவி நடத்தினார்கள். கணவருக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் திருச்சிக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அம்மாதான் என்னிடம் ஊர்க்கதை, விலைவாசி, விசா எல்லாம் பேசுவார். கணவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

வார நாளில் பென்ரோஸில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் எனக்கு வேலை. வார இறுதியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுவேன். கல்யாணம், பிறந்தநாள், தீபாவளி என்று யார் கூப்பிட்டாலும் போவோம். ஒரு சனிக்கிழமை பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தபோது, அன்றைக்குப் பாடவேண்டிய பாட்டு வாயில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் தெரிந்தவர்கள் பலருக்கும் மனப்பாடமான பழைய சினிமாப் பாட்டு.

நீர்மேலே நிலவாக நெடுந்தூரம் நடந்தாயே
யார்கையும் பிடிக்காமல் கரைவந்து சேர்ந்தாயே

காதலி படகில் வந்து இறங்கும் காட்சி அது. இங்கே பல கல்யாண வரவேற்புகளில் மணப்பெண் உள்ளே நுழையும்போது இதைத்தான் கேட்பார்கள்.

நான் பாலைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

"சேர்ந்தாயா," என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன அங்கிள்?"

"நடந்தாயா, சேர்ந்தாயா. நான் எழுதேக்க அப்பிடித்தான் எழுதினனான். நீங்கள் பிழையாப் பாடேல்லை, பிள்ளை. படத்தில நீங்கள் பாடின மாதிரித்தான் இருக்கு."

அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. "இவ்வளவு காலத்தில வெளி ஆள் ஒருத்தருக்கு இவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை," என்றார்.

அன்றைக்குப் பெரியவர் வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களில், கடையில் ஆள் இல்லாத நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஊரில் சண்டை தொடங்கியதும் வள்ளம் என்ற சிறு படகில் இராமேஸ்வரம் வந்து இறங்கியவர் அவர். முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, அங்கிருந்து சென்னைக்குப் போய் வடபழனியில் ஒரு அறையில் ஒண்டிக்கொண்டார். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஒரு பெரிய பாடலாசிரியரிடம் படி எடுக்கும் வேலை கிடைத்தது. ஒரே நாளில் நாலு இசையமைப்பாளர்கள் கூப்பிடும் அளவுக்கு அந்தக் கவிஞர் உச்சத்தில் இருந்த நேரம். ஒருநாள் நேரமில்லாமல், "நீ ஒரு பல்லவி எழுதிப் பாருய்யா" என்றிருக்கிறார். அப்படித் தொடங்கி ஏழெட்டுப் பாட்டுகள் கவிஞரின் பெயரில் வெளிவந்தன. கவிஞர் ஒன்றிரண்டு சொல்லை மாற்றுவார். சிலதில் அதுவும் இல்லை.

"உங்க பேரைப் போடச் சொல்லிக் கேக்கலையா?" என்றேன்.

"அவர் போடுவம் எண்டுதான் கேட்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான். என்னட்ட ஒரு கடதாசியும் இல்லை. பேர் வெளியில வந்தா, இவன் ஆர், எங்கயிருந்து வந்தவன் எண்டு பொலிஸ் வரும் எண்டு பயம். பேர் இல்லாம இருக்கிறது அப்ப எனக்குப் பாதுகாப்பு."

"அப்புறம்? பயம் போன பிறகு?"

"பிறகு அவர் செத்துப்போனார். செத்த மனிசனோட போய் வழக்காடுறதே?"

அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் அவர் கடைசியாகத்தான் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். வள்ளத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றதால் அண்ணன் முதலில் வந்தார். தம்பி அடுத்த வள்ளத்தில் ஏறினான் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. அந்த வள்ளம் வரவில்லை. கவிழ்ந்தது என்றார்கள், சுட்டார்கள் என்றார்கள், வேறு கரையில் ஒதுங்கியது என்றும் சொன்னார்கள். அவர் தினமும் கடற்கரைக்குப் போய் நின்றிருக்கிறார். பிறகு சென்னையில், ஒருத்தி படகில் வரும் காட்சிக்குப் பாட்டு எழுதச் சொன்னபோது, அவருக்கு வந்தது இதுதான். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகியவன் தம்பி.

"கவிஞர் ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு சொன்னார், 'படத்துல அந்தப் பொண்ணு வந்து சேந்துடுறாய்யா. அப்புறம் எதுக்குக் கேள்வி?' எண்டு. பேனையை எடுத்து ரெண்டு சொல்லிலயும் கடைசி எழுத்தை மட்டும் மாத்தினார். அவர் சொன்னது சரிதான். படத்துக்கு அதுதான் பொருந்தும்."

அந்த வருடக் கடைசியில் அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இங்கேயே பிறந்து வளர்ந்து, மருந்தகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பையன். வரவேற்புக்கு எங்கள் குழுவைத்தான் ஏற்பாடு செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பாட்டுகளில் முதலாவது இதுதான். மணப்பெண் உள்ளே வரும்போது பாடவேண்டும். அப்பா எழுதிய பாட்டு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சித்தப்பா ஒருவர் இருந்ததே தெரியாது.

நான் கடைக்குப் போனேன். "அங்கிள், வேணாம்னா வேற பாட்டு வெச்சுக்கலாம். நான் அவங்ககிட்டப் பேசுறேன்."

அவர் யோசிக்கவே இல்லை. "பாடுங்கோ. படத்தில இருக்கிற மாதிரியே பாடுங்கோ. என்ர பிள்ளை நல்லபடியா ஒரு கரைக்குப் போறாள். அவளுக்கு அப்பிடித்தான் பாட வேணும்."

அன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. அறிவிப்பாளர் பாட்டின் படத்தைச் சொல்லி, இசையமைப்பாளரைச் சொல்லி, கவிஞரின் பெயரைச் சொன்னபோது கைதட்டல் பலமாக இருந்தது. அவரும் தட்டினார். நான் பாடத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி அந்தப் பெண் உள்ளே வந்து மேடைக்குக் கீழே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் சரணம் முடிந்து இடையிசை போகும்போது, அவள் அம்மா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். திரும்பக் கேட்டாள். அம்மா திரும்பச் சொன்னார். பிறகு அந்தப் பெண் கனத்த பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாசல் பக்கம் சாப்பாட்டு மேசையருகே நின்றிருந்த அப்பாவிடம் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் இரண்டாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். அவள் அவர் தோளில் முகத்தை வைத்தது மட்டும் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள், பிரியப்போகும் பெண் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகும் அவள் விடவில்லை. சித்தப்பாவுக்கு ஏன் ஒரு சடங்கும் செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்கு அம்மாதான் பதில் சொன்னார்: "கிரியை செய்தா அவன் செத்துப்போனான் எண்டு நாங்களே சொன்ன மாதிரி ஆகிடும் எண்டு அப்பாவுக்கு. அப்பாவைப் பெத்த அப்பாச்சியும் கடைசி வரைக்கும் செய்ய விடேல்லை."

மகள் வற்புறுத்தவில்லை என்று பிறகு அந்த அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வாரமும் வந்தாள், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஒருநாள் அவரே, "செய்வம்" என்றார். என்னையும் வரச் சொன்னார்.

கடலோடு சேரும் டாமாக்கி ஆற்றின் கரையில் சனிக்கிழமை காலை கூடினோம். அவர்கள் மூவர், மாப்பிள்ளை, கோயில் ஐயர், நான். நாங்கள் போனபோது தண்ணீர் வற்றி வெறும் சேறாகக் கிடந்தது. கடல் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குளிரில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். ஐயர் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டார். தண்ணீர் மெல்ல வந்து சேற்றை மூடியதும் அவர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். ஐயர் பெயர் கேட்டபோது, பெரியவர் தம்பியின் பெயரைச் சொன்னார். அதுவரை கடையில் 'தம்பி' என்று மட்டுமே நான் கேட்டிருந்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டு, பூவை ஆற்றில் போட்டார். மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "பாடுறீங்களே, பிள்ளை? எழுதினபடி."

தாளமும் வாத்தியமும் இல்லாமல் அந்தப் பாட்டை நான் பாடியதே இல்லை. வேகத்தைக் குறைத்து எடுத்தேன். நெடுந்தூரம் நடந்தாயா என்று வந்தபோதே அது வேறு பாட்டாகிவிட்டது. கரைவந்து சேர்ந்தாயா என்று முடித்த பிறகு நான் சரணத்துக்குப் போகவில்லை. யாரும் மேலே பாடச் சொல்லவுமில்லை. தன் வரிகளை, தான் எழுதியபடியே, அவர் காதால் கேட்டது அன்றுதான் முதல் தடவை. தலையைக் குனிந்து கேட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்து, "வா, போவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லோரும் நடந்தோம்.

மகள் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் அந்தப் பாட்டின் காணொளிக்குக் கீழே, இதை எழுதியவர் என் அப்பா, இது என் சித்தப்பாவைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் எழுதினாள். சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். ஒருவர் கவிஞரை அவமதிக்காதே என்று திட்டினார். இன்னொருவர் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் கோபத்தோடு போனை அப்பாவிடம் நீட்டினாள். நான் அப்போது கடையில் இருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தார்.

"அவை கேக்கிறது நியாயம்தானே," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "நீ எழுதினதை அழிக்காத. அது கிடக்கட்டும்."

அது இன்னும் அங்கே கிடக்கிறது. கவிஞரின் பெயரும் அப்படியே இருக்கிறது. வேறெதுவும் மாறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் இன்னொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். சித்தப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். என்ன சாப்பிடுவார், கோபம் வருமா, யாரை மாதிரி இருப்பார் என்றெல்லாம். புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் தமிழில் சொல்கிறார், அவள் ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது, எவ்வளவு உயரம் என்று கேட்டாள். அவர் எழுந்து நின்று, தன் காதுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்.

"பதினேழு வயசுதானே," என்றார். "இன்னும் வளர்ந்திருப்பான்."