அக்காவைச் சிட்சையில் வைத்த நாட்கள்

பேசத் தெரியாதவள் என்றுதான் என்னை அந்த அறைக்குக் காவல் வைத்தார்கள்.

சின்ன வயசிலிருந்தே எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கடையில் என்ன வேண்டும் என்று அண்ணாச்சி கேட்பதற்குள் விரலை நீட்டிக் காட்டிவிடுவேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறகு கல்யாணம், இறால் கம்பெனியில் தோடு உரிக்கிற வேலை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அவர் செத்துப்போன பிறகு, பொழுது விடிந்து அடைகிற வரை ஒரு வார்த்தை பேசாமல் படுத்த நாட்கள் உண்டு. அப்படிக் கிடந்தவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை. அடுத்த தெருக்காரர், மணப்பாட்டுப் பக்கம் பிறந்தவர். புருஷன் கப்பலில் போய்ச் சம்பாதித்துக் கட்டின மாடி வீடு இருந்தது, பிள்ளை இல்லை, புருஷனும் செத்துப்போயிருந்தார். தெருவில் யாருக்கு முடியாமல் போனாலும் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர்தான். சீட்டு வாங்குகிற வரிசையில் சண்டை போட்டு நம்மை முன்னால் தள்ளிவிடுவார். ஊசி போடும்போது நம் கையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கே சர்க்கரை வியாதி. அந்த மாத்திரை டப்பா எப்போதும் இடுப்பில் சொருகி இருக்கும்.

மாடியில் தகரக் கொட்டகை போட்டு வாரம் ஒரு நாள் ஜெபம் வைத்தார். நாங்கள் நாலைந்து பேர்தான். துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவரும் வருவார். பாடுவோம், சுக்குக்காப்பி குடிப்போம், போய்விடுவோம்.

சபையை நடத்துகிற ஐயா பிறகு வந்தவர். வரும்போது ஐயா இல்லை. உறையில்லாத கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த இளவட்டம். அக்காதான் சோறு போட்டார், படுக்க இடம் கொடுத்தார். குரல் நல்ல குரல். அவர் ஜெபம் பண்ணினால் ஆட்கள் அழுதார்கள். கூட்டம் சேர்ந்தது. கொட்டகை போதாமல் கீழ்வீடு முழுவதும் மண்டபமாயிற்று. அக்கா வீட்டைச் சபைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மேலே பின்பக்க அறை ஒன்றில் ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்றார் ஐயா. உடுத்தினோம். வெளிக் கல்யாணங்களுக்குப் போகக் கூடாது என்றார். போகவில்லை. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்றார். ஒவ்வொன்றாக வந்ததால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

புதிதாக வந்தவர்களிடம் தன்மையாகத்தான் இருப்பார். கடுமையெல்லாம் எங்களைப் போன்ற பழைய ஆட்களிடம். அது ஏன் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அவர் தட்டை நீட்டி ரெண்டாம் சோறு கேட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கண்கள் அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தார் போல.

தண்டனைக்குச் சிட்சை என்று பெயர். சிட்சையில் வைக்கப்பட்டவர் வெள்ளையைக் கழற்றிவிட்டு வண்ணத் துணி உடுத்தி வர வேண்டும். செருப்பு கழற்றும் இடத்தில் உட்கார வேண்டும். அவரிடம் யாரும் பேசக் கூடாது, முகத்தைப் பார்க்கவும் கூடாது. ஐயா விலக்கும் வரைக்கும் அவர் செத்தவர் கணக்கு.

முதலில் வைத்தது வின்ச் அண்ணாச்சியை. பேத்தி கல்யாணத்துக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டார் என்று. மண்டபத்தின் நடுவில் கல்லுப்பைக் கொட்டச் சொல்லி அதன்மேல் முழங்கால் போட வைத்தார் ஐயா. எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம். பாட்டு முடிகிற வரை அந்த மனிதர் அப்படியே நின்றார். எழுந்தபோது வேட்டியில் ரத்தம் ஊறியிருந்தது. அது எனக்குப் பெரிய பயமில்லை. மறுநாள் அவர் ஊதா சட்டை போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்து, செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஐயாவைப் பார்த்துச் சிரித்தாரே, அதுதான் எனக்குப் பயம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மத்தியானம் கண்மூடி ஜெபம். எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூட வேண்டும். ஐயா ஆமென் சொல்லும்வரை திறந்தால் கண் அவிந்துபோகும் என்பார். அந்த நேரத்தில்தான் அவருக்கு வெளிப்பாடு வரும். மூன்றாவது வரிசையில் ஒரு சகோதரி வீட்டு யோசனையில் இருக்கிறாள் என்பார். அந்தச் சகோதரி அழுவாள். ஒரு நாள் என் கண்ணில் தூசி விழுந்து, தெரியாமல் இமை திறந்துவிட்டது. மேடையில் ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து வைத்து, ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து நின்றது அந்தப் பார்வை. நான் மூடிக்கொண்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த நேரம் என்ன வருமோ என்றுதான் இருந்தேன்.

அக்காவுக்குச் சிட்சை வந்தது ஒரு சனிக்கிழமை. ஒரு பெண் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஐயா தலையில் கை வைத்து அனுப்பிவிட்டார். அக்கா எழுந்து, பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் மேடையைப் பார்த்துச் சொன்னார்:

"மருந்தும் ஆண்டவர் குடுத்ததுதான், தம்பி."

தம்பி என்று கூப்பிடுகிற ஆள் அந்தச் சபையில் அவர் ஒருத்தர்தான் மிச்சம். ஐயா கோபப்படவில்லை. கீழே இறங்கி வந்து அக்காவின் இடுப்பிலிருந்த மாத்திரை டப்பாவைத் தன் கையாலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சபையில் அக்காவைப் பெரியம்மா என்பார்கள். பெரியம்மாவை அகங்காரம் பிடித்திருக்கிறது, உபவாசத்தில் அது இறங்கும் என்றார். யார் காவல் இருப்பது என்ற பேச்சு வந்தபோது என்னைக் காட்டினார். "இவ போதும். இவளுக்கு வாயே கெடையாதுல்லா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்காவை அவருடைய அறையிலேயே வைத்தார்கள். சிவப்புச் சேலை ஒன்றை உடுத்தச் சொன்னார்கள். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். நான் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நான் பேசுகிறேனா என்று பார்க்க, காலடி கேட்காமல் ஒரு பெண் அடிக்கடி மாடியேறி வருவாள். திடீரென்று அவள் வெள்ளைச் சேலை ஓரம் தெரியும்போது நான் உதட்டை இறுக்கிக்கொள்வேன்.

அக்கா முதலில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். குடம் குடமாகக் குடித்தாலும் நாக்கு வறண்டது. கண் குழி விழுந்தது. என்னைப் பார்த்து, ஏளா, கப்பல் வந்துட்டுதா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அழுகின பழம் மாதிரி ஒரு வாடை வந்தது. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் கடைசியில் கிடந்த கிடை எனக்கு மறக்காது. இந்த அறையில் அக்கா செத்துப்போவார் என்றும், அப்போது காவலுக்கு நான்தான் உட்கார்ந்திருப்பேன் என்றும் தெரிந்துவிட்டது.

கதவுக்குப் பூட்டு கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் பயம். பூட்டாமலே யாரும் வெளியே போகாத இடம் அது.

அன்று மத்தியானம் எல்லோரும் கண்மூடி ஜெபத்துக்குப் போனார்கள். மாடியேறி வருகிற பெண்ணும் கீழே போய்விட்டாள். நான் உள்ளே போய் அக்கா காதருகில் குனிந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது.

"நான் வரலளா," என்றார். "இப்பம் நான் எறங்கிப் போனா, என்னைப் பாத்து வந்த சனமெல்லாம் எதுக்கு வந்துச்சு? பொய்யிக்கா வந்துச்சு? நான் கெடக்கேன், விடு."

தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை. வாதாடத் தெரியாது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்தபோது என் வாயில் வந்ததுதான் அது, யோசித்துச் சொன்னதில்லை.

"எனக்கு நெஞ்சு அடைக்கி, அக்கா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் கையை ஊன்றினார். "எப்பத்துலருந்துளா? வாயத் தொறந்து சொல்ல மாட்டியோ?" என்று என்னை ஏசினார். எழுந்து நின்றார். என் தோளை அவர் பிடித்தாரா, அவரை நான் பிடித்தேனா என்று சொல்ல முடியாது. அப்படியே படி இறங்கினோம்.

வெளியே போக மண்டபத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

மண்டபம் முழுக்க வெள்ளையாக ஆட்கள் முழங்காலில் நின்றார்கள். எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும். நடுவில் சிவப்புச் சேலையோடு அக்கா. பாதி தூரம் வந்திருப்போம், மைக் கரகரத்தது. ஐயா பார்த்துவிட்டார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை, முதுகில் சுட்டது.

"ரெண்டு பேர் பாதாளத்துக்கு எறங்கிப் போறதை ஆவியானவர் காட்டுதாரு," என்றார் ஐயா. சத்தம் போடவில்லை, நிதானமாகச் சொன்னார். "யாரும் கண்ணத் தொறக்காதீங்க. தொறந்தா அந்தச் சாபம் உங்களையும் பிடிக்கும்."

ஒருத்தரும் திறக்கவில்லை. இமையை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். அக்கா இருக்கிற கோலத்தை ஆட்கள் பார்த்துவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிடியுங்கள் என்று சொல்லியிருந்தால் பிடித்திருப்பார்கள். கண்ணை மூடச் சொன்னதால் எங்களுக்கு வழி கிடைத்தது. அது பிறகு யோசித்தது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் பாதாளம் என்ற ஒரு சொல்தான். ஒவ்வொரு அடியிலும் தரை இறங்குகிற மாதிரி இருந்தது. அக்கா காலடி பிசகி ஒரு பெண்ணின் தோளில் கையை ஊன்றினார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

வாசலில், செருப்புகளுக்கு நடுவில், வின்ச் அண்ணாச்சி இருந்தார். இன்னும் அவருக்குச் சிட்சை விலகவில்லை. அவர் கண் மட்டும் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தார். நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டார். அந்த இடைவெளியில் நாங்கள் வெளியே வந்தோம். செருப்பு போடவில்லை. தார்ச்சாலை கொதித்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு ஆட்டோக்காரர் சிவப்புச் சேலையைப் பார்த்துக் கல்யாண வீடா என்று கேட்டுவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்ததும் ஏறச் சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன செய்கிறது என்று நர்ஸ் கேட்டார். அக்கா என்னைக் காட்டி, "இவளுக்குத்தாம்மா, நெஞ்சடைக்காம். வாயே தொறக்க மாட்டா, நீங்கதான் கேட்டுப் பாக்கணும்," என்றார். சொல்லிக்கொண்டே சரிந்தார். தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்றார் டாக்டர். கால் விரல் ரெண்டை எடுக்க வேண்டியிருந்தது. உயிர் இருந்தது.

திரும்பிப் போக அக்காவுக்கு வீடு இல்லை. உப்பளத்து ரோட்டில் என் ஒற்றை அறைக்குத்தான் கூட்டி வந்தேன். போலீஸில் சொல்லச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். எனக்கும் போய் நின்று பேசத் தெரியாது. அக்கா இப்போது நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பாதிப் பேச்சில், "சனிக்கெழமப் பாட்டு யாரு எடுக்காளோ," என்பார். அப்படிச் சொல்லும்போது நான் கதவைப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். வெள்ளைச் சேலை மூன்று, வெள்ளைச் சட்டை ஒன்று. நான் கதவைப் பாதி திறந்தேன். ஐயா பெரியம்மாவை மன்னித்துவிட்டார், கூட்டி வரச் சொன்னார் என்றார்கள். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நான் இருக்கிற பக்கம் யாரும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தே பேசினார்கள். என்னையும் சிட்சையில் வைத்துவிட்டார்கள் போல.

"அக்கா இங்கன இல்லை," என்றேன். "மணப்பாட்டுக்குச் சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

என் வாழ்க்கையில் வெளி ஆட்களிடம் அவ்வளவு நீளமாக நான் பேசினதில்லை. அவர்கள் நின்றார்கள். உள்ளே அக்கா இருமிவிட்டால் என்ன செய்வது என்று காதை உள்ளேயே வைத்திருந்தேன். ஒருத்தி எட்டிப் பார்க்கப் பார்த்தாள். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. பிறகு போனார்கள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரோ தன்னைக் கேட்ட மாதிரி இருந்ததே, யாரளா என்றார்.

தண்ணி வண்டிக்காரன் என்றேன். சபை ஆட்கள் என்று தெரிந்தால் அவர் எழுந்து போய்விடுவாரா, இருப்பாரா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை. பகலிலும் தாழ்ப்பாள் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். கடைக்குப் போனால் ஓட்டமாகத் திரும்பி வருகிறேன்.