சாய்ந்த புயலும் சப்பைப் பந்தலும்

மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே ஒரு கடலோரக் குப்பத்தில் பந்தல் போடும் தேவேந்திரனுக்கு உலகத்தில் பகையாளி என்று ஒன்று இருந்தால், அது காற்றுதான். போட்டிப் பந்தல்காரன்கூட அதற்கு அப்புறம்தான். பகையாளியின் பூர்வீகம் தெரியாமல் சண்டை போடுவது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர் அவர். அதனால் புயல் எங்கே பிறக்கிறது, எதைத் தின்று வளர்கிறது என்று கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். குப்பத்தில் யாரும் சட்டை செய்யவில்லை. புயல் வந்தால் படகை மேலே ஏற்றத் தெரிந்தால் போதாதா, அதற்கு ஜாதகம் வேறு எதற்கு?

கடைசியில் மாட்டியவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் பன்னீர்செல்வம். அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தல் போடப் போன இடத்தில், முளை அடித்துக்கொண்டே கேட்டார் தேவேந்திரன். பன்னீர்செல்வம் விருந்தாளிகளை வாசலில் நிறுத்திவிட்டு ஆரம்பித்தார். கடல்தண்ணீர் நன்றாகச் சூடேறிக் கிடக்க வேண்டும், மேலாக மட்டும் போதாது, கொஞ்சம் ஆழத்துக்கும். அந்தச் சூட்டில் ஆவி கிளம்பும். மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, தான் சுமந்துவந்த சூட்டை அங்கே இறக்கிவைக்கும். அதனால் காற்று இன்னும் மேலே ஏறும், கீழே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவரும், வரும் வழியிலேயே இன்னும் ஆவியை அள்ளிக்கொண்டு. பூமி சுற்றுவதால் நேரே வர முடியாமல் சுழன்று சுழன்று வரும். வாட்ஸ்அப் வதந்தி மாதிரி, ஓட ஓடத்தான் அது கொழுக்கும்.

"அப்ப எதுதான் சார் அதக் கெடுக்கும்?"

தரையேறினால் கெடும். கடலைக் கலக்கி, அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவந்துவிட்டால் கெடும். அப்புறம், உயரத்துக் காற்று ஒரு மாதிரியும் கீழ்க்காற்று வேறு மாதிரியும் அடித்தால் கெடும். நேராக நின்றால்தான் புயல், உச்சியைத் தள்ளிவிட்டால் சாய்ந்துவிடும் என்றார் பன்னீர்செல்வம்.

தேவேந்திரன் சுத்தியலைக் கீழே வைத்தார். இத்தனை நாள் பகையாளி என்று நினைத்தது சொந்தக்காரனாக அல்லவா இருக்கிறது! நடுக்கம்பு நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் போச்சு. அதுவும் பந்தல்தான்.

இப்படிப் பாதி தெரிந்துகொண்ட நேரத்தில்தான் மகள் பிரதீபாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் சிங்கப்பெருமாள் கோயில், தொழிற்சாலையில் வேலை. பையனும் பெண்ணும் தங்களுக்குள் எப்போதோ முடித்துவிட்ட விஷயம். இழுத்தடித்தவர் பையனின் அம்மா சரோஜா. கார்த்திகை மாசம், கடலோரம், நிச்சயதார்த்தத்தை மண்டபத்தில் வையுங்கள் என்றார். பந்தல்காரன் மகளுக்கு அடுத்தவன் கூரையா என்று தேவேந்திரன் மறுத்துவிட்டார். சரி, ஆனால் அன்றைக்கு ஏதாவது கோணலானால் தட்டு மாற்றாமலே திரும்பிவிடுவோம், எனக்குச் சகுனம் முக்கியம் என்று சொல்லியனுப்பினார் சரோஜா. பிரதீபா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சொல்லிவைத்த மாதிரி, நிச்சயதார்த்தம் நெருங்கும்போது வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு கிளம்பிப் புயலானது. படகுகள் சாலையோரம் ஏறின. தேவேந்திரன் செல்போனில் மேகப் படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். உயரக் காற்று பலமாக இருக்கிறது, கரைக்கு வருமுன்பே புயல் வலுவிழக்கும் என்று செய்தி வந்தது.

"உச்சி சாஞ்சிகினு கீது. நீ கவலப்படாத" என்றார் மனைவி கல்யாணியிடம்.

"யாரு உச்சி? உன்னுதா?" என்றாள் அவள்.

இருந்தாலும் காற்றை முழுசாக நம்ப முடியுமா? தொழில் தெரிந்தவர் செய்வதைத்தான் செய்தார். பக்கத் துணிகளைக் கழற்றினார், நடுக்கம்பைத் தாழ்த்தினார், தார்ப்பாய்க் கூரையைச் சப்பையாக இழுத்துக் கட்டினார். காற்று பிடித்துக்கொள்ள உச்சியே இல்லை. அவர் கட்டியதிலேயே காற்றுக்கு அசையாத பந்தல் அதுதான்.

காற்று வரவே இல்லை. புயல் சொன்ன சொல் தவறாமல் சாய்ந்தது, வலுவிழந்தது. அது சேர்த்துவைத்த மேகத்தை மட்டும் உயரக் காற்று தள்ளிக்கொண்டுவந்து இந்தக் கரைமேல் விட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்திறங்கி உட்கார்ந்ததும் மழை பிடித்தது. அவசரமே இல்லாத, விடுகிற உத்தேசமும் இல்லாத மழை. சப்பைக் கூரையில் தண்ணீர் வழிய வழியில்லை. தார்ப்பாய்க்குத் தொப்பை போட்டது. பக்கத்தில் இன்னொரு தொப்பை. பிறகு இரண்டும் சம்பந்தம் பண்ணிக்கொண்டு, ஒரே தொப்பையாகச் சரோஜாவின் தலைக்கு மேலே தொங்கின.

யாரோ கம்பால் குத்தப் போனார். தேவேந்திரன் பாய்ந்து தடுத்தார், குத்தினால் மொத்தமும் அந்த அம்மாள் மடியில்தான். எல்லாரும் எழுந்து வெளியே போங்கள் என்றார். தன் பந்தலில் தன் வாயாலேயே இதைச் சொல்ல நேரும் என்று அவர் நினைத்ததில்லை. கடைசி ஆளும் வெளியேறியதும் கயிற்றை அறுத்தார். பந்தல் தண்ணீரோடு தரையில் உட்கார்ந்தது.

ஒதுங்குவதற்குக் கான்கிரீட் கூரை உள்ள ஒரே இடம் மீன் ஏலக்கூடம். புயலால் மீன் வரவில்லை, வாசனை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. பட்டுப்புடவைகள் அங்கே போய் நின்றன. சரோஜா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாம்பாளத் தட்டுகளைப் பார்த்தார். பிரதீபா சரோஜாவைப் பார்த்தாள். தேவேந்திரன் யாரையும் பார்க்கவில்லை.

"ஏங்க, புயலு வலுவிழந்துடுச்சுன்னு டிவில சொன்னாங்களே. அப்ப இது இன்னா?"

கேட்டவர் சரோஜா. குரலில் நிஜமான சந்தேகம். தேவேந்திரனுக்கு அது போதாதா?

"வலுவு போனது காத்துக்குத்தாம்மா. மேல ஏத்துன தண்ணி எங்க போவும்? சாஞ்சா எல்லாம் ஒரு பக்கமா கொட்டத்தான் செய்யும். நான் காத்துக்குப் பந்தல் போட்டேன், தண்ணிய மறந்துட்டேன்."

கடல்தண்ணி என்றால் ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று கேட்டார் சரோஜா. ஆவி உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பும் என்றார் தேவேந்திரன். புயலுக்குக் கண் என்கிறார்களே, இதற்கு எங்கே? சாய்ந்த புயலுக்குக் கண் திறக்காது. கேள்விமேல் கேள்வியாகப் போனதில் முந்தானை மூக்கைவிட்டு இறங்கியிருந்தது. சமயம் பார்த்துக் கல்யாணி ஏலமேடையில் பாயை விரித்துத் தட்டுகளை எடுத்துவைத்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சகுனத்தைப் பற்றி முணுமுணுத்தார். தலைமேல் விழ வேண்டியது தரையில் விழுந்திருக்கிறது, இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று சரோஜாவே அவரை அடக்கினார்.

தட்டு மாற்றிய கையோடு தேவேந்திரனிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு மண்டபம் நாங்க பாத்துக்குறோம் சம்பந்தி. நீங்க புயலப் பாத்துகினு இருங்க."